சீட்டியின் கார்புரேட்டர்

டிரைவர் பெட்ரோலில் ஓடும் தன் பழைய லாரியில் சாவியைத் திருப்பினால் லாரி சும்மா கிடக்கும். வீட்டுக்குள் படுத்திருக்கும் அவருடைய மச்சினனுக்கு மூச்சு சீராகிவிடும். மச்சினனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் சீட்டியடிக்கும் என்பதால் எங்கள் தெருவே அவனைச் சீட்டி என்றுதான் கூப்பிடும். அக்கா வீட்டோடு வந்து தங்கியவன், எத்தனை மருந்து விழுங்கியும் ஒரு மாடிப்படி முழுசாக ஏறியதில்லை. லாரி நின்றுபோன காலையில் மளமளவென்று ஏறிப்போய் மொட்டை மாடியில் துணி காயப்போட்டான்.

அதை யார் கவனித்தார்கள்? எல்லாருக்கும் லாரிக் கவலை. டிரைவருக்கு வேறு பிழைப்பில்லை. மெக்கானிக் வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி நன்றாகவே தெறித்தது. பெட்ரோலும் தடையில்லாமல் வந்தது. பெட்ரோலில் காற்றைக் கலக்கிற கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட்டின் ஊசித்துளையில் இருந்த கசடை எடுத்து மாட்டினார். பாழாய்ப்போன லாரி முனகக்கூட இல்லை. உள்ளே சீட்டி ஒரு கட்டிச் சளியைத் துப்பிவிட்டுப் பாட ஆரம்பித்தான். மறுநாள் காற்றை அடைக்கிற சோக்கை இழுத்தபோது அவன் மூச்சடைத்து நீலமானான்; தள்ளியதும் தெளிந்தான். இன்ஜினுக்குப் போகவேண்டிய காற்று மச்சினனுக்குப் போகிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது. இந்த லீக்கை எங்கே போய் அடைப்பது என்று மெக்கானிக் தலையிலடித்துக்கொண்டார்.

வினை டிரைவருடையதுதான். வருஷக்கணக்காக, ஜெட் அடைக்கும்போதெல்லாம், சும்மாதானே உட்கார்ந்திருக்கிறான் என்ற கடுப்பில், ஊதிக் கொடு என்று மச்சினனிடம் நீட்டுவார். ஊதி ஊதி, இருந்த மூச்சையெல்லாம் அவன் அதற்குள் விட்டிருந்தான். லாரி இப்போது அதைத் திருப்பிக் கொடுக்கிறது, வேறொன்றுமில்லை.

வாடகை வண்டிக்காரர்கள் லோடுகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டில் அடுப்பெரிவதே பெரும்பாடானது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த டிரைவர், பழைய சாமான் கடையிலிருந்து வேறொரு கார்புரேட்டர் வாங்கிவந்து மாட்டச் சொன்னார். சாவியைத் திருப்பியதும் லாரி உறுமியது. மாதக்கணக்காக அவர் ஏங்கிக் கிடந்த சத்தம். அதற்குள் மனைவி வாசலுக்கு ஓடிவந்தாள்.

“ஏங்க, நிறுத்துங்க. தம்பி மூச்சு விடல.”

அவர் நிறுத்தினார். மெக்கானிக்கைத் தள்ளிவிட்டு, சூட்டில் விரல் பொசுங்கப் பழையதைத் தானே மாட்டிச் சாவியைத் திருப்பினார். லாரி கப்சிப். உள்ளே சீட்டி கண் திறந்தான்.

“என்ன மாமா, வண்டி ஓடிச்சா?”

“அது எங்க ஓடப்போவுது மாப்ள. நீ படு.”

அவர் இப்போது இன்னொருவருடைய டீசல் லாரி ஓட்டுகிறார். வாராவாரம் தன் லாரியின் மூடியைத் திறந்து, அதன் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தபடி கார்புரேட்டரைத் துடைக்கிறார். சீட்டிக்குப் பெண் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை எப்படி என்று யாராவது விசாரித்து வந்தால், பையன் தங்கம், எதற்கும் லாரியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்கிறோம்.