பின்பையில் பிஸ்கட்

போன தடவை கிளம்பும்போது லாடம் அடிப்பவர் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இன்னொரு கடி வாங்கினேன்னா, இந்த லாயத்துப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

வேறு லாடக்காரருக்கு நான் எங்கே போவேன்? லாடம் இல்லாமல் நான் பார்த்துக்கொள்ளும் கிழட்டுக் குதிரை நடக்காது. நடக்காத குதிரைக்கு லாயத்து முதலாளி தீனி போட மாட்டார்.

கடிக்கிறாள் என்று என் குதிரையைக் குற்றம் சொல்லவும் முடியாது. முன்னங்காலைத் தூக்க அவர் முதுகைக் காட்டிக் குனிய வேண்டும். பின்பக்கம் சரியாக அவள் வாய்க்கு நேரே வந்துவிடும். யாருக்குத்தான் ஆசை வராது?

அவள் வாயை அடைக்க ஏதாவது வேண்டுமென்று, பேக்கரி வைத்திருக்கும் தம்பியிடம் போனேன்.

"சாக்லேட் கேக் போடட்டுமாக்கா?"

"குதிரைக்கு அது விஷம்டா."

"வெங்காய பன்?"

"அதுவும் ஆகாது."

"அப்போ நான் எதுக்கு?" அவன் முகம் சுண்டிப்போனது.

ஓட்ஸ், துருவிய கேரட், விதையெடுத்த ஆப்பிள், பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் தேன். அவ்வளவுதான். பல் தேய்ந்த வாய், கெட்டியாக இருந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விரலால் நசுக்கினால் உதிர வேண்டும் என்றேன். மேலே எதையும் தூவாதே என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். தூவவில்லை. ஆனால் கை சும்மா இருக்குமா, ஒவ்வொன்றையும் பூவாக வெட்டியிருந்தான்.

லாடக்காரர் வந்த அன்று தட்டை லாயத்து முக்காலியில் வைத்துவிட்டுக் குதிரையை அழைத்துவரப் போனேன். திரும்பினால் தட்டு காலி. லாடக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிஸ்கட் நல்லாருக்கும்மா. இனிப்புதான் கம்மி."

குதிரைத் தீனி என்று சொல்லியிருந்தால் மனுஷன் அப்போதே மூட்டை கட்டியிருப்பார். குதிரையைப் பிடித்து நிறுத்தினேன்.

அவர் குனிந்தார். அவள் கழுத்து நீண்டது. கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். மூக்கு அவருடைய கால்சட்டைப் பின்பையில் போய் நின்றது, முகர்ந்தது, உதடு மெல்ல உள்ளே நுழைந்தது. பிறகு டீயோடு தின்னலாமென்று இரண்டு பிஸ்கட்டைப் பதுக்கியிருக்கிறார் மனுஷன். அவை பைக்குள் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்க, அவள் ஒவ்வொரு தூளாகத் தேடித்தேடி நக்கினாள். அதற்குள் இரண்டு முன்னங்காலுக்கும் லாடம் ஏறிவிட்டது.

நிமிர்ந்தவர் நனைந்த பையைத் தொட்டுப் பார்த்தார். அவள் உதட்டில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்தார்.

"இது யாருக்குச் செஞ்சதும்மா?"

எனக்குப் பொய் வரவில்லை. "அவளுக்கு."

சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அடுத்த தடவை ரெண்டு தட்டா வெச்சிடுங்க," என்றார். "எங்களுக்குள்ள சண்டை வேணாம்."