இரண்டு தட்டு

விலா எலும்புவரை சக்கைக்குள் இறங்கிய பிறகுதான் கவனித்தேன், கடப்பாரை இன்னும் என் கையிலேயே இருந்தது. குதிரின் இரும்புச் சுவரும் எட்டும் தூரத்தில்தான். ஆனால் தட்டக் கூடாது. தட்டினால் செத்தேன்.

எங்கள் ஆலையில் தட்டுக்கு ஒரே அர்த்தம்தான். ஆலிவை அரைத்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையைக் காயப்போட்டு, அதையே பாய்லரில் எரிக்கிறோம். அந்தச் சூட்டில்தான் விழுது பிசைகிற தொட்டிக்கு வெந்நீர் போகிறது. காய்ந்த சக்கை இந்தக் குதிரில் கிடக்கும். அடியில் ஒரு திருகு சுற்றிச் சுற்றி அதை நெருப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். சில நேரம் சக்கை நடுவில் கட்டிக்கொண்டு, அடியில் வெற்றிடத்தை விட்டுவிட்டு அந்தரத்தில் நிற்கும். உடனே திஜானி அண்ணன் பாய்லர் அறையில் திருகை நிறுத்துவார். நான் ஏணியில் ஏறி, மேல் வாசல் வழியாகக் கடப்பாரையால் குத்துவேன். கட்டி உடைந்து விழுந்ததும் சுவரில் இரண்டு தட்டு. விழுந்துவிட்டது, ஓட்டு என்று அர்த்தம். அரவை ஓடும்போது மேலிருந்து கத்தினால் கீழே காதில் விழாது. அதனால் வந்த பழக்கம்.

ஒரே ஒரு தட்டு தட்டலாமா என்று யோசித்தேன். இன்னொன்று இரைச்சலில் அமுங்கிவிட்டது என்றுதான் அண்ணன் நினைப்பார். ஓட்டிவிடுவார். மூன்று தட்டினாலும் முதல் இரண்டிலேயே அவர் கை பொத்தானுக்குப் போய்விடும்.

இந்த வருஷம் முதலாளி ரிதா வெளியே காய்ந்த சக்கை வாங்கவில்லை. எங்கள் முற்றத்தில் கிடந்ததையே பரப்பிப் போட்டு, பாதி காய்ந்ததும் அள்ளி நிரப்பச் சொன்னார். நடுவில் மழை வேறு. ஈரச் சக்கை களிமண் மாதிரி கட்டிக்கொண்டது. வாசலில் நின்றபடி குத்தினால் கடப்பாரை எட்டவில்லை. மேல்பரப்பு தரைபோல் கெட்டியாகத் தெரிந்தது. கால் வைத்தேன். தாங்கியது. இன்னொரு காலையும் வைத்தேன். குத்தினேன். நான் நின்ற இடமே விழுந்தது.

உள்ளே வெதுவெதுப்பு. ஈரத்தோடு குவித்த சக்கை தானாகவே சூடு பிடிக்கும். புளித்த நாற்றம் கண்ணைக் கரித்தது. அதைவிட மோசம் மூச்சு. வெளியே விட்ட மூச்சு காலிசெய்த இடத்தைச் சக்கை பிடித்துக்கொண்டது. அடுத்த மூச்சை இழுக்கும்போது இடம் கொஞ்சம் குறைந்திருந்தது. "அண்ணே" என்று கத்திப் பார்த்தேன். பூனை கத்தியது போல வந்தது.

முதலாளியின் குரலுக்கு மட்டும் அரவை ஒரு பொருட்டே இல்லை. கீழே பாய்லர் அறை வாசலில் நின்று அவர் கத்துவது எனக்கு நன்றாகக் கேட்டது.

"என்னய்யா பண்றான் அவன் மேல? தண்ணி ஆறிக்கிட்டே இருக்கு!"

திஜானி அண்ணனும் கத்தித்தான் பதில் சொன்னார். "குத்திக்கிட்டிருப்பான் மொதலாளி. இன்னும் தட்டலை."

"தட்டலை, தட்டலை! நீ கல்யாண வீட்டுல தர்புக்கா அடிக்கிற ஆளு, உனக்குத் தட்டுதான் பெருசு. எனக்கு எண்ணெய். ஓட்டுய்யா!"

"தட்டாம ஓட்டமாட்டேன்."

"அப்ப தள்ளு, நான் ஓட்டுறேன்."

நடுவில் அவர்களையும் மிஞ்சி ஒரு பெண்குரல். ஹல்லூமா அக்கா. அன்று பிசையும் தொட்டியில் கிடந்தது அவள் காய். இரண்டு வருஷம் காய்க்காமல் இருந்து இந்த வருஷம் காய்த்த மரங்கள். "ரிதா, தொட்டியில கை வெச்சுப் பாத்தேன். என் புருஷன் மூஞ்சி மாதிரி சில்லுனு கிடக்கு. சூடு எங்க?"

"இதோ வருது அக்கா. ஒரு நிமிஷம்."

முதலாளி பொத்தானை அழுத்தப்போகிறார். தட்டினாலும் ஓடும், தட்டாவிட்டாலும் ஓடும் என்று ஆகிவிட்டது.

தர்புக்கா என்று அவர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. திஜானி அண்ணன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணத்திலும் கொட்டு அடிப்பவர். தாளம் கேட்டால் கை தானாக நின்று காது திரும்பும். கடப்பாரையை இரு கையாலும் பிடித்து, பெண்ணை அழைத்துவரும்போது அடிப்பார்களே, அந்த அடியைச் சுவரில் அடித்தேன். தும் தக்க தக்க, தும் தக்க.

முதல் இரண்டு அடியிலேயே திருகு ஓட ஆரம்பித்துவிட்டது.

கால்களை யாரோ கீழிருந்து பிடித்து இழுப்பது போல் இருந்தது. நெஞ்சு உள்ளே போனது. அக்குள் உள்ளே போனது. கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடித்தேன். தாளம் தப்பியது. திரும்பப் பிடித்து அடித்தேன். சக்கை தாடையைத் தொட்டது. வாயை மூடிக்கொண்டு அடித்தேன்.

திருகு நின்றது.

மேல் வாசலில் திஜானி அண்ணனின் தலை தெரிந்தது. "ஏன்டா லம்ஜத், நாயே, நெருப்பு அணையுது, இங்க நீ கல்யாணம் நடத்து..." பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. பிறகு அவர் போட்ட கத்தலுக்கு அரவையே நின்றது.

கயிறு வந்தது. அண்ணன் வாசலில் குப்புறப் படுத்து, காலை ஒருவர் பிடித்துக்கொள்ள உள்ளே தொங்கி, என் அக்குளுக்குக் கீழே கையால் தோண்டி, கயிற்றைச் சுற்றிக் கட்டினார். மறுமுனையைப் பிடித்து நான்கு பேர் இழுத்தார்கள். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. உடம்பு ஒரு விரல்கூட மேலே வரவில்லை.

"அடிக்கதவைத் திறந்து சக்கையை வெளியே வாரணும்," என்று அண்ணன் கீழே பார்த்துக் கத்தினார். "கயிறு இவனைப் பிடிச்சுக்கும். வேற வழி இல்ல."

கீழிருந்து முதலாளியின் குரல் வந்தது. "இன்னொரு தரம் இழுத்துப் பாருங்கய்யா. கதவைத் திறந்தா அவ்வளவும் முற்றத்துல கொட்டிரும். பாய்லர் செத்துரும். தொட்டியில இருக்கிற விழுது கெட்டுரும்."

"யாரோட விழுது?" ஹல்லூமா அக்கா கேட்டாள்.

"உன்னோடதுதான் அக்கா."

"அப்ப அதை நான்தான சொல்லணும்? திற."

"அப்புறம் எண்ணெய் போச்சுன்னு என்கிட்ட வந்து கேக்கக் கூடாது."

"கேப்பேன். தெருவுல நின்னு கேப்பேன். இப்ப கதவைத் திற."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மண்வெட்டியாலும் முள்வாரியாலும் பறித்து இழுத்தார்கள். ஈரச் சக்கை கட்டி கட்டியாகத்தான் வந்தது. கயிறு மேலே பிடித்தது, சக்கை கீழே இழுத்தது. நடுவில் நான் கொக்கியில் மாட்டிய ஆடு மாதிரி தொங்கினேன். நெஞ்சு வெளியே வந்ததும் இழுத்த மூச்சு வலித்தது. இடுப்பு வந்தது. பிறகு ஒரேயடியாகத் தூக்கினார்கள். பூட்ஸ் இரண்டும் உள்ளேயே தங்கிவிட்டன.

ஏணியில் இறங்கக் கால் வரவில்லை. மூட்டை மாதிரி இறக்கினார்கள். முற்றத்துக் குளிர்த் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து இருமினேன். கறுப்பாக வந்தது. ஹல்லூமா அக்கா குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"உசுரோட இருக்கான்," என்றாள். தொட்டியில் கையை விட்டு விழுதைக் கொஞ்சம் எடுத்து வந்திருந்தாள். முகர்ந்தாள். மூக்கைச் சுளித்தாள். "இதுவும் புளிச்சிருச்சு." அதை என் பக்கத்திலேயே உதறிவிட்டு முதலாளியைத் தேடிக்கொண்டு போனாள். அவளுடைய சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

முற்றம் முழுக்கச் சக்கை கொட்டிக் கிடந்தது. வாசலுக்கு வெளியே மூட்டைகளோடு இன்னும் வண்டிகள் நின்றன. பாய்லரைத் திரும்ப மூட்ட வேண்டும். எரிக்க இதைத் தவிர வேறு சக்கை இல்லை. இதைத்தான் திரும்ப உள்ளே அள்ளிப் போட வேண்டும். இதுவேதான் திரும்பவும் கட்டிக்கொள்ளும். இங்கே வேண்டாம் என்றால், பருவத்தின் நடுவில் இன்னொரு ஆலையில் யார் ஆள் எடுப்பார்கள்? எடுத்தாலும் அங்கேயும் குதிர்தான்.

திஜானி அண்ணன் எனக்குத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தியது முதலாளியா அவரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"நாளைக்கு எப்படிடா தட்டுவே?"

"தட்டமாட்டேன் அண்ணே. எறங்கி வந்து, உங்க முன்னாடி நின்னு சொல்றேன்."

"நீ எறங்கி வர்றதுக்குள்ள நெருப்பு அணைஞ்சிரும்."

"அணையட்டும்."

எங்களுக்குப் பின்னால் நின்ற முதலாளி காதிலும் அது விழுந்தது. குனிந்து ஒரு பிடி சக்கையை எடுத்து உள்ளங்கையில் பிசைந்தார். ஈரம் விரல் இடுக்கில் பிதுங்கியது. வேட்டை நாய் போல் கையை மோந்து பார்த்தார், கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அள்ளுங்க," என்றார்.