ராணியைக் கொடுத்த ஆட்டம்

விமலாதேவி தன் ராணியைக் கொடுத்துவிட்டாள்.

கிரின்ஸ்டெட் நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமைகளில் செஸ் ஆடுவார்கள். டென்மார்க்குக்கு வந்து அவளுக்கு இது இரண்டாவது பனிக்காலம். டேனிஷ் இன்னும் நாவில் புரளவில்லை; காய்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. எதிரே பிறீபன், ஓய்வுபெற்ற தபால்காரர். அவருடைய கறுப்பு ராஜாவுக்கு முன்னால் நின்ற காலாளை அவள் ராணி வெட்டியது. ராஜா அந்த ராணியை வெட்டியே ஆகவேண்டும். வெட்டினால் கோட்டையும் குதிரையும் விரட்டும்.

பிறீபன் நெடுநேரம் பார்த்தார். பிறகு தோற்றதாக ஒப்புக்கொண்டு ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கை கொடுத்தார்.

வென்றாயிற்று. இருவருக்கும் எழுந்து போகத்தான் மனம் வரவில்லை. ராணியைக் கொடுத்த இடத்துக்கே காய்களைத் திரும்ப வைத்தார்கள். ராணியை வெட்டிய ராஜா மூலைக்கு ஓடினால் கதை முடிந்தது என்று விரலால் காட்டினாள்.

"முன்னுக்கு வந்தால்?" என்றார் பிறீபன், டேனிஷில், மெதுவாக.

அதை இருவருமே யோசித்திருக்கவில்லை. அவர் ராஜாவை ஒரு கட்டம் முன்னே வைத்தார். அவள் கோட்டையால் செக் வைத்தாள். இன்னொரு கட்டம். குதிரையால் செக். மறுபடி ஒரு கட்டம். காவலுக்கு யாருமில்லாமல் ராஜா பலகையின் நடுவெளியில் நடந்து வந்தார். யன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்தது. பலகையிலும் அதன் நீல வெளிச்சம் படிந்திருந்தது. அவள் எல்லாப் பக்கத்தாலும் துரத்தினாள். துரத்தத் துரத்த, அந்த ராஜா தப்பிக் கரைசேரவேண்டும் என்றும் அவளுக்கு இருந்தது. கடைசியில் ராஜா அக்கரையில் தன் காலாட்களின் பின்னால் ஒதுங்கினார். அவளிடம் ஒரு செக்கும் மிச்சமில்லை.

"அழகு," என்றார் பிறீபன்.

கூட்டிப்போக வந்த கணவன் குலேந்திரன், தோளில் பனியோடு வாசலில் நின்றான்.

"றோட்டு மூடப்போகுது. இன்னும் முடியேல்லையோ?"

"முடிஞ்சுது. நான்தான் வெண்டனான். ஆனா வெண்டிருக்கக் கூடாதப்பா. ராணியைக் குடுத்தது பிழை."

"பிறகெப்பிடி அவர் தோத்தவர்?"

"நம்பிட்டார்."

"எதை?"

"என்னை," என்றாள் விமலாதேவி. சொன்னதும் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் அவளை ஒருவர் அவ்வளவு நம்பியது இதுவே முதல் தடவை.

குலேந்திரன் கையுறைகளைக் கழற்றிவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டான்.

"எங்க, அந்த ராசா எந்தப் பக்கத்தால போனவர்? ஒருக்காக் காட்டும், பாப்பம்."