ஆர்.சி. வீடு

"கூரை, ஆர்.சி." கணினித் திரையைப் பார்த்துப் படித்தார் பாலகணேஷ். "கான்கிரீட் வீடு இருந்தா பட்டியல்ல இடம் கிடையாதும்மா."

"ஆமா சார், நாங்க ஆர்.சி.தான்," என்றாள் ஜான்சி அக்கா. "தாத்தா காலத்துலேர்ந்தே ஆர்.சி."

பாலகணேஷ் என் பக்கம் திரும்பினார். "பாருங்க தம்பி, அவங்களே ஒத்துக்கிறாங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

என் அக்கா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். அவள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. போன புயலில் பாதி பறந்துபோனது; அந்தப் பாதியில் இப்போது நீலத் தார்ப்பாய். கூரை போனவர்களுக்கு அரசாங்கத்தில் புது வீடு தருகிறார்கள். யாருக்கு என்று கணக்கெடுக்கும் வேலையை எடுத்திருந்தது அசோக் நகரில் இருக்கும் இந்தக் கம்பெனி; பாலகணேஷ் இங்கே மேலாளர். கணக்கெடுக்க வந்தவன் வீட்டுக்குள் தலையைக்கூட நீட்டவில்லை. தெருவில் பைக்கில் உட்கார்ந்தபடியே, "என்ன வீடுக்கா இது?" என்று கேட்டிருக்கிறான். எங்கள் தெருவில் அந்தக் கேள்விக்கு மூன்றே பதில்தான்: இந்து, பெந்தகோஸ்து, ஆர்.சி.

"ஆர்.சி. வீடு," என்றிருக்கிறாள் அக்கா. அவன் கான்கிரீட் போட்டுவிட்டான்.

"சார், அவங்க சொல்றது ரோமன் கத்தோலிக்," என்றேன். "வேதத்தைச் சொல்றாங்க, கூரையை இல்ல."

பாலகணேஷ் சிரிக்கவில்லை. "அப்போ ஆட்சேபணை மனு குடுங்க. இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது. ஆர்.சி. ஜெராக்ஸ் வேணும்."

"ஞானஸ்நான சீட்டா சார்?" என்றாள் அக்கா.

"ரேஷன் கார்டும்மா!"

"அதுவும் ஆர்.சி.யா? இன்னா சார், ஊருக்கே ரெண்டு எழுத்துதானா?"

ஜெராக்ஸ் எடுத்து வந்தோம். மனுவின் கடைசிக் கட்டத்தை அவரே நிரப்பினார். அங்கேயும் ஆர்.சி. இருந்தது. இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ரூட் காஸ், அதாவது தவறு எங்கே தொடங்கியது என்பது. இரண்டு வருடம் ராத்திரி ஷிஃப்டில் வெளிநாட்டுக்காரர்களின் வாஷிங் மெஷின் புகார்களைக் கேட்டவன் நான். ஆர்.சி. போடாமல் ஒரு புகாரையும் மூட முடியாது. அதற்கென்று தந்திருந்த காரணப் பட்டியலில் 'வாடிக்கையாளர் தவறு' இருக்கும், 'மின்சாரக் கோளாறு' இருக்கும். 'எங்கள் மெஷின் மட்டம்' இருக்காது. ஒரு நாள் அதை நானாக டைப் செய்தேன். மூன்றாவது முறை செய்தபோது கூப்பிட்டுப் பேசினார்கள். அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பாலகணேஷ் எழுதியிருந்தார்: 'பயனாளி தவறான தகவல் அளித்தது.'

"கையெழுத்துப் போடாதக்கா."

"ஏன்டா?"

"தப்பு உன் மேலதான்னு எழுதியிருக்காரு. வீட்டைப் பார்க்காமப் போனவனைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

"போடலைன்னா?"

"மனுவை வாங்க முடியாது," என்றார் பாலகணேஷ்.

மணி நாலே முக்கால். அக்கா என்னைப் பார்த்தாள். "உன் ரோசத்துக்கு அடியில மழைக்கு ஒதுங்க முடியுமாடா?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன். கோபம் எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து மறுபடி கணக்கெடுக்கத் தாரணி என்ற பெண் வந்தாள். பரவாயில்லை, உள்ளே வந்தாள். தார்ப்பாயைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். போட்டோ ஏற்ற இதில் வழியில்லை என்று சொல்லிவிட்டு டேப்லட்டில் தட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

கூரை: ஏ.சி.

"என்னங்க இது?"

"ஏ.சி. ஷீட்டுண்ணா. ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். சுருக்கமா அப்படித்தான் போடுவோம்."

"அஞ்சாவது கேள்வி என்ன? படிங்க."

படித்தாள். 'வீட்டில் ஏ.சி. உள்ளதா? இருந்தால் தகுதியில்லை.' அவள் முகம் மாறியது. "ஆனா கூரைக் கட்டத்துல ரெண்டு எழுத்துக்கு மேல ஏறாதுண்ணா."

அதுவரை வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா எழுந்து உள்ளே வந்தாள். ஈரக் கையாலேயே தாரணியைத் தார்ப்பாய்க்கு அடியில் ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"ஏ.சி.ன்னு எழுதினியே, எங்க கீது? காட்டிட்டுப் போ."

"அக்கா, மெஷின்ல இடம் இல்லக்கா..."

"மெஷினை மூடு. பேப்பர் எடு."

தாரணி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அக்கா சொல்லச் சொல்ல எழுதினாள்: 'வீட்டின் கூரை ஆஸ்பெஸ்டாஸ். பாதி இல்லை. நான் உள்ளே சென்று என் கண்ணால் பார்த்தேன்.'

"பேரை முழுசா எழுது. தேதி போடு. கீழ கையெழுத்து."

"நான் எதுக்குக்கா கையெழுத்து...?"

"நான் போட்டேன்ல?" என்றாள் அக்கா.

தாரணி போட்டாள். அக்கா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கிளம்புடா. அந்த ஆபீசுக்கு எந்த பஸ்சு? நம்பரை முழுசா சொல்லு."