மிக்கேல்ராஜின் மூன்றாவது மைல்

1958ஆம் ஆண்டு தவக்காலத்தின் இரண்டாவது வாரத்திலிருந்து, திண்டுக்கல் மரியநாதபுரத்தில் குடியிருந்த மிக்கேல்ராஜின் அருகில் எந்தப் பூட்டும் பூட்டியபடி இருக்கவில்லை. அவர் தொட வேண்டியதில்லை. மூன்று முழத் தூரத்துக்குள் வந்தால் போதும், வளையம் தெறித்து விலகிவிடும். அவர் பூட்டுப் பட்டறையில் பூட்டுப் பொருத்துகிறவர் என்பதால், வேறு யாருக்கு வந்திருந்தாலும் இருந்திருக்கக்கூடிய சங்கடத்தைவிட இது கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

ஒரு பூட்டு எப்படி நிற்கிறது என்பது மிக்கேல்ராஜுக்குத் தெரியும். உள்ளே ஐந்து பித்தளை லிவர்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சின்ன ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். சரியான சாவி போனால் ஐந்தும் தத்தம் உயரத்துக்கு எழும்பி, அவற்றின் வெட்டுகள் ஒரே கோட்டில் வந்து நிற்கும். அப்போதுதான் தாழ் நகர வழி கிடைக்கும். அவர் பக்கத்தில் வந்தாலோ ஐந்து லிவர்களும் சாவி இல்லாமலே எழுந்து நின்றன. முரட்டு ஸ்பிரிங் போட்டுப் பார்த்தார், எட்டு லிவர் வைத்துப் பார்த்தார், எண்ணெயை மாற்றிப் பார்த்தார். எட்டு லிவர் பூட்டு மற்றவற்றைவிடச் சற்றுத் தாமதமாகத் திறந்தது, அவ்வளவுதான்.

தெருவில் பேச்சு எழுந்தது. அடுத்த வீட்டு இஞ்ஞாசியம்மாளின் நகைப்பெட்டி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தும் தினமும் இரண்டு முறை திறந்தது. குண்டுமணித் தங்கம்கூடக் குறையவில்லை என்றாலும், "எம் பெட்டிக்கு நீ வெளிய போறதும் தெரியுது, வாரதும் தெரியுது. எனக்குத்தான் மானம் போகுது" என்றாள். போலீஸ்காரர் ஒருவர் வந்து, சிறைச்சாலைத் தெரு வழியாக வர வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

இது ஏன் வந்தது என்று மனைவி புஷ்பமேரிக்கு மட்டும் ஓர் அனுமானம் இருந்தது. சிலோனுக்குப் போன அவருடைய தம்பி பவுல்ராஜிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு முன்பே கடிதம் நின்றுபோயிருந்தது. மிக்கேல்ராஜ் சோற்றில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். தம்பி இருக்கிறானா என்பதும் தன் கையில் இல்லை, தபால் வருவதும் தன் கையில் இல்லை, இப்போது பூட்டும் இல்லை.

ஜூலை மாதம் பட்டறை முதலாளி பொம்மையன் வாசலிலேயே, நாலு முழம் தள்ளி நின்று பேசினார். "ஏலே மிக்கேலு, உன் கை மாதிரி கை இந்த ஊர்ல இல்ல. ஆனா நீ உள்ள வந்தா நேத்துப் பூட்டுன ஒரு கிராஸ், நூத்தி நாப்பத்தி நாலு பூட்டு, அம்புட்டும் வாயப் பொளக்குது. நான் என்ன செய்யட்டும் சொல்லு." பதினேழு வருஷத் தொழில் அத்துடன் முடிந்தது. வத்தலக்குண்டில் மைத்துனரின் வாழைக்காய் மண்டியில் தார் எடை போடும் வேலை இருந்தது. கடைசியாகத் தன் கையால் பொருத்திய பூட்டை, வாயைத் திறந்தபடியே, வேட்டி மடியில் சொருகிக்கொண்டு காலை பஸ் ஏறினார்.

ஊரைத் தாண்டி நாலாவது மைலில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. மேல கல்யாண வீட்டுப் பெட்டிக இருக்கு. அம்புட்டும் தெறந்துகிட்டுப் பட்டுச்சேல ரோட்ல பறக்குது. செத்த எறங்கிக்கிருங்க" என்றார். மிக்கேல்ராஜ் இறங்கினார். வத்தலக்குண்டு தொலைவு, வீடு பக்கம். திரும்பி நடந்தார். எதிரே மலைக்கோட்டைப் பாறை நின்றது. முதல் மைல் முழுவதும் தம்பியை நினைத்தார். இரண்டாவது மைலில் கால் வலியை நினைத்தார். மூன்றாவது மைலில் ஒரு காக்காயையும், கிணற்றடியில் கத்தரிக்காய் கழுவுகிறவர்களையும் பார்த்துக்கொண்டு வந்தபோது மடியில் டக்கென்று ஓசை கேட்டது. எடுத்து இழுத்தார். பூட்டு பிடித்திருந்தது. மறுபடி இழுத்தார். அசையவில்லை. சாவியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஒரு சாவி தேவைப்பட்டது என்று தோன்றியதும் மைல்கல்லின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார்.

மறுநாளிலிருந்து அவர் பூட்டு திறக்கும் தூரத்தை ஒரு வேலைபோல எடுத்து அளந்தார். படுக்கையிலிருந்து எழுந்தால் மூன்று முழம். ஒரு மைல் நடந்தால் ஒரு முழம். இரண்டு மைலுக்கு ஒரு சாண். மூன்றாவது மைலின் முடிவில் உள்ளங்கையில் வைத்தாலும் திறக்காது. ஓடிப் பார்த்தார், பலன் கொஞ்சந்தான். துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு தம்பியைப் பற்றியே பேசி நடந்தபோது நாலு மைல் பிடித்தது. ஒரு நாள் நடந்தது மறுநாளுக்கு ஆகவில்லை. கடிதம் வராதது வராததுதான். ஆனால் எட்டு மணிக்குள் ஒரு காரியம் தன் காலால் நேராகியிருக்கும், அதற்கப்புறம் சோறு இறங்கியது. ஆகஸ்ட் மாதம் பொம்மையன் ஒரு கிராஸ் பூட்டை மேசையில் பரப்பி அவரை நடுவில் உட்காரச் சொன்னார். ஒன்றும் திறக்கவில்லை. "உக்காந்து வேலையப் பாரு" என்று அரத்தை நீட்டினார்.

1961 ஈஸ்டருக்குப் பவுல்ராஜின் கடிதம் வந்தது. ஹட்டனில் கடை வைத்திருப்பதாகவும், நலமாக இருப்பதாகவும், எழுதச் சோம்பலாக இருந்ததாகவும் எழுதியிருந்தான். புஷ்பமேரி பாயசம் வைத்தாள். இனி நடக்க வேண்டியதில்லை என்று மிக்கேல்ராஜ் மறுநாள் ஏழு மணி வரை தூங்கினார். பட்டறையில் அவர் உட்கார்ந்ததும் ஏழு பூட்டுகள் திறந்தன. பொம்மையன் தலையைத் தூக்காமலே, "லெட்டர் வந்தது வேற, இது வேற. போய் நடந்துட்டு வா" என்றார். அவர் போய் நடந்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு யாரும் காரணம் தேடவில்லை. இஞ்ஞாசியம்மாள்தான் முதலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் வந்தாள். "சாவியத் தொலச்சிட்டேன்ப்பா. நடக்கப் போயிராத, செத்த இரு." 1965 வாக்கில் வேடசந்தூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சாவி தொலைந்த பெட்டியென்றால் ஆறு மணிக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். நல்ல பூட்டு வேண்டுமென்றால் எட்டு மணிக்குப் பிறகு வர வேண்டும். இடையில் அவர் ரோட்டில் இருப்பார்.