ஆடு தின்ற செய்தி

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவின் சுவர் மொட்டையாக நின்றது. முந்தின நாள் அந்தியில் முத்துலிங்கம் ஒட்டிய தாளில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

கொட்டகலைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட அவன் மாதம் ஒருமுறை கையால் எழுதி ஒட்டும் செய்தித்தாள் அது. இந்த முறை ஒரே சேதி: இலங்கைக் குடிமக்களாகப் பிரஜாவுரிமை மனுப் போட 1951 ஆகஸ்ட் ஐந்து கடைசி நாள். இன்னும் மூன்றே வாரம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேர் போடவில்லை.

ஆட்களை மேய்க்கும் கண்டாக்குதான் கிழித்திருப்பான்; அவர்கள் மனுப் போடுவது அவனுக்குப் பிடிக்காது. அவன் பங்களாவுக்கே போய் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும், வேலை போனால் போகட்டும். இரண்டு முறை படியேறினான். இரண்டு முறை இறங்கினான்.

"யாரத் தேடுறீங்க தம்பி?" ஆட்டை இழுத்துக்கொண்டு பக்கத்து லயத்துக் காளியாயி வந்தாள்.

"பேப்பரக் கிழிச்சவன."

"யாரும் கிழிக்கல. இதுதான் தின்னுருச்சு." ஆட்டின் தாடியில் கோதுமை மாப் பசை காய்ந்திருந்தது. "பசை நல்லா காய்ச்சியிருக்கீங்க."

"தடுத்திருக்கலாமில்லக்கா? எவ்வளவு முக்கியமான சேதி!"

"எனக்கென்ன தெரியும்? எனக்கும் எழுத்து தெரியாது, ஆட்டுக்கும் தெரியாது. அது தின்னவாவது செஞ்சுச்சு."

அவனுக்குச் சுருக்கென்றது. இந்த ஒரு வருடமாக யாருக்காக எழுதினான்?

"பீலிக்கு வந்து வாசிங்க. ஞாயித்துக்கெழம பொம்பளைங்க எல்லாரும் தண்ணி புடிக்க, துணி தொவைக்க அங்கதான்."

"ஆம்பள பீலிக்கு வந்தா சிரிப்பாங்க."

"சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க, வாங்க."

ஞாயிற்றுக்கிழமை பீலியில் சிரிக்கத்தான் சிரித்தார்கள். "கொடம் எங்கண்ணே?" என்று ஒருத்தி கேட்டாள். காதெல்லாம் சூடேற, தனக்கென்று எழுதி வைத்திருந்த பிரதியை வாசித்தான். ஆகஸ்ட் ஐந்து என்றதும் துணி துவைக்கும் சத்தம் நின்றது.

"எம் மூத்தவன் இந்தியாவுல பொறந்தான், சின்னவ இங்க. ஒரு மனுவா, ரெண்டா?" என்றாள் லெட்சுமி.

"புருசன் செத்துட்டாரு. நான் தனியா போடலாமா?" என்றாள் சண்முகவடிவு.

அவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. கடைசியில் தெரியாது என்றே சொன்னான். தாளைத் திருப்பி, ஒவ்வொரு கேள்வியையும் பெயரோடு எழுதினான். பதினொன்று தேறின.

பக்கத்து ஊரான அட்டனில் மனு எழுதித் தருகிற ஒருவர் இருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ரயில் பாதையோடு நடக்கத் தொடங்கினான்.

"தம்பி, பதிலச் சொவத்துல ஒட்டிறாதீங்க!" பின்னாலிருந்து காளியாயி கத்தினாள்.