பென்சில் குறி

“பென்சில்லயா எழுதினீங்க? நிஜமாவே பென்சில்லயா?”

“மெதுவாப் பேசு, தணல்.”

“அண்ணி, இந்த அறையில உங்களையும் என்னையும் தவிர இருக்கறது உலைதான். அது ஏற்கெனவே கொதிச்சுப் போயிருக்கு.”

தணல் என் நாத்தனார். உலை அறை அவள் பொறுப்பு. தணல் என்ற பட்டப்பெயரும் இங்கே வந்ததுதான். நான் அடுத்த கட்டடத்தில் பீங்கான் வில்லைகளின் மின்குணத்தை அளக்கிறவள்.

எங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை ஓட்டின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு வில்லைகள். ஈயம், ஸ்காண்டியம், டாண்டலம், ஆக்ஸிஜன் சேர்ந்த ஒரே மாவு. ஒன்றைச் சுட்ட சூட்டோடு வெளியே எடுத்து விரைவாக ஆறவிட்டோம். மற்றதைத் தணல் ஆயிரம் டிகிரியில் முப்பத்தைந்து மணி நேரம் வைத்திருந்தாள். விளிம்பில் ஒன்றுக்கு ‘வி’, இன்னொன்றுக்கு ‘நி’ என்று நான் எழுதினேன்: விரைவு, நிதானம். பிறகு இரண்டுக்கும் வெள்ளிப் பசை தடவி, என் சின்ன அடுப்பில் எழுநூறு டிகிரியில் ஒன்றாகச் சுட்டேன். வெள்ளி ஒட்டிக்கொண்டது. பென்சில் வெறும் கரி; எரிந்து போய்விட்டது. எடுக்கும்போது தட்டு சாய்ந்து இரண்டும் ஒரே மூலைக்கு உருண்டன.

வில்லைக்குள்ளே ஸ்காண்டியம் அணுக்களும் டாண்டலம் அணுக்களும் எண் இல்லாத டிக்கெட்டோடு கொட்டகைக்குள் நுழைந்தவர்கள். சட்டென்று விளக்கை அணைத்தால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். நேரம் கொடுத்தால் ஒருவர் விட்டு ஒருவராக அமைவார்கள். பேருந்தில் இதையே நினைத்துக்கொண்டு நான் நிறுத்தத்தைத் தவறவிட்டதுண்டு. வரிசையாக அமைந்த வில்லை மின்னூட்டம் பிடிக்கும் அளவு, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் ஊசிபோல ஏறி இறங்கும். கலைந்து கிடந்தால் வரைபடத்தில் அகன்ற மேடுதான். நீண்ட சூடுதான் வரிசையைத் தருகிறது என்கிறது என் கட்டுரை. இன்று மூன்று மணிக்கு என் ஆய்வு வழிகாட்டி அதை இதழுக்கு அனுப்புகிறார். அது போனால்தான் இந்த மாதத்தோடு முடியும் என் வேலை நீளும்.

“சரி, எது நிதானம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“ஊசி வந்தது நிதானம்.”

“நிதானமா வெந்தா ஊசி வரும்னு எப்படித் தெரியும்?”

நான் ஒரு வில்லையைப் புரட்டி, வெறுமையான விளிம்பைப் பார்த்தேன்.

“ரொம்ப நல்லாருக்கு. இரட்டைப் பிள்ளையில எது மூத்ததுன்னு மறந்துபோய், பொறுப்பா இருக்கறதுதான் மூத்ததுன்னு வச்சுக்கிட்டு, மூத்த பிள்ளைன்னா பொறுப்புன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியற மாதிரி. எக்ஸ்ரே?”

“வரிசையா உக்காந்தது எதுன்னு காட்டும். முப்பத்தஞ்சு மணி நேரம் வெந்தது எதுன்னு காட்டாது.”

“புதுசா ஒரு ஜோடி?”

“மாவு இருக்கு. எட்டு நாள் ஆகும்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னேன். “ஊசி வந்தது மத்ததைவிடக் கொஞ்சம் மெல்லிசு. உன் பதிவேட்டில ஒரே ஒரு வரி எழுதிடேன். மெல்லிசா இருந்ததுதான் நிதானம்னு.”

தணல் என்னை முறைக்கவில்லை. பதிவேட்டைப் புரட்டி, அந்த நாளை எடுத்து, என் பக்கம் திருப்பி, பேனாவை மேலே வைத்தாள்.

“தடிமனை நான் அளக்கலை. நீங்களே எழுதுங்க, உங்க கையெழுத்துல. அண்ணன்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்.”

பேனாவைத் திறந்தேன். அவள் குண்டு எழுத்து: ‘ஒரு வில்லை உள்ளே, காலை 6.10.’ அதற்குக் கீழே, மறுநாள் மாலை வெளியே எடுத்த நேரம். 5.10 என்று எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, 5.12 ஆக்கி, பக்கத்தில் கையொப்பம் வைத்திருந்தாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு கையொப்பம்.

பேனாவை மூடினேன். சுவரில் மணி இரண்டு நாற்பது. வழிகாட்டியைக் கைபேசியில் அழைத்தேன். தணல் உலையின் எண்களைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

“ஐயா, நான்தான். என் வில்லை ரெண்டுல எது எதுன்னு எனக்கே தெரியலை. அந்தக் கட்டுரையை இன்னிக்கு அனுப்பாம, எனக்கு எட்டு நாள் குடுக்க முடியுமா?”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.